பின்னால் வருகிறவன்

பென்மூர் தோட்டம், மேல்பிரிவு,
தலவாக்கலை.
13.1.1963

அன்புத் தம்பி சண்முகராஜாவுக்கு அக்கா தனலெட்சுமி எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் நான் சுகம். ஒரு வாரமாக மூக்கடைப்பு. இந்தக் குளிரில் அது எல்லோருக்கும் உள்ளதுதான், நோயில் சேர்க்க வேண்டாம். உன் உடம்பு எப்படி?

பத்திரிகையில் உன் படம் வந்தது. கொழும்பிலிருந்து காலி வரை எழுபத்திரண்டு மைல் சைக்கிள் ஓட்டி முதலாவதாக வந்திருக்கிறாய் என்று லயத்து வீட்டு வாசலில் நின்று எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். பாதி வரைதான் பெருமையாக இருந்தது. மீதியில், 'வழி முழுவதும் மற்றவர்களின் பின்னால் பதுங்கி வந்து, கடைசி இருநூறு யார் தூரத்தில் பாய்ந்து முந்தினார்' என்று எழுதியிருந்தார்கள். வாசித்த பிறகுதான், வாசித்திருக்கக் கூடாது என்று தெரிந்தது.

கணக்கப்பிள்ளை வீரய்யா தலையில் கைவைத்துக்கொண்டார். "என்னங்க டீச்சரம்மா இது? பொழுதன்னைக்கும் அடுத்தவன் முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சிக்கிட்டு வந்து, கடைசியில முந்திக்கிறதா? மலையில சும்மா நின்னுட்டு, கொழுந்து நிறுக்கிற நேரம் மடுவத்துல முன்னால வந்து நிக்கிறவளுக்கு நான் அரைப்பேருதான், அரைநாள் சம்பளந்தான் போடுவேன்!"

ஆசிரியர் கலாசாலையில் இரண்டு வருடம் படித்திருக்கிறேன், இதற்கு அங்கே பாடம் இல்லை. உன்னை ஒளிவுமறைவு இல்லாதவனாக வளர்த்தேன் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். விளக்கமாக எழுது. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
தனலெட்சுமி


வாழைத்தோட்டம், கொழும்பு.
25.1.1963

அன்பின் அக்காவுக்கு, வணக்கம். நான் நல்ல சுகம். மூக்கடைப்புக்கு ஆவி பிடியுங்கள். தேயிலைத் தோட்டத்தை விட்டு வாழைத்தோட்டத்துக்கு வந்து இரண்டு வருடமாகிறது. இங்கே ஒரு வாழைமரத்தைக்கூட நான் இன்னும் பார்க்கவில்லை.

பத்திரிகைக்காரன் எழுதியது உண்மைதான். ஆனால் அது களவு இல்லை, தொழில். முன்னால் போகிறவன் எதிர்க்காற்றை வாங்கிக்கொள்வான். பின்னால் ஒட்டிப் போகிறவனுக்குப் பாதி உழைப்புப் போதும். மிச்சம் பிடித்த பலத்தை எல்லைக் கோட்டுக்கு முன்னால் ஒரே மூச்சில் செலவழிக்க ஒருவன் வேண்டும். அப்படிப்பட்டவனை ஸ்பிரிண்டர் என்பார்கள். எங்கள் சைக்கிள்கடைக் கம்பெனியின் குழுவில் அது நான்.

இப்படி யோசித்துப் பாருங்கள். ஆறு வயதில் என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போவீர்கள். சாரல் முகத்தில் அடிக்கும். நான் உங்கள் கம்பளிக்குப் பின்னாலேயே நனையாமல் வருவேன். வாசல் தெரிந்ததும் உங்களை முந்திக்கொண்டு ஓடி மணியடிப்பேன். இப்போதும் அதைத்தான் செய்கிறேன். ஒரே வித்தியாசம், இதற்கு முதலாளி சம்பளம் தருகிறார்.

ஒரு செய்தி. ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதி மூன்று நாள் பந்தயம் ஒன்று தொடங்குகிறது. முதல் நாள் கொழும்பிலிருந்து ஹட்டன் வழியாக நுவரெலியா. நம் தோட்டத்து ரோட்டால்தான் போகும். இதை யாரிடமும் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

தம்பி,
சண்முகராஜா


பென்மூர்.
10.2.1963

அன்புத் தம்பிக்கு, நான் சுகம், நீயும் அப்படியே இருக்க அம்மனை வேண்டுகிறேன். ஆவி பிடித்தேன், மூக்கு திறந்துவிட்டது.

மணியடித்த கதையை வீரய்யாவிடம் சொன்னேன். "அப்ப சின்ன வயசுலேருந்தே அந்தப் பழக்கமா?" என்று கேட்டார். அதை அத்தோடு விட்டுவிட்டேன்.

நீ சொல்ல வேண்டாம் என்ற செய்தி தபால்காரர் போவதற்குள் தோட்டம் முழுவதும் பரவிவிட்டது. கடிதத்தைத் திறக்கும்போது அடுத்த வீட்டு அம்மாக்கண்ணு பக்கத்தில் இருந்தாள், அவ்வளவுதான் காரணம். "கொழும்புக்காரனுங்க சமவெளியில ஓட்டுறவனுங்க. நம்ம ராசா மலையில பொறந்த புள்ள. இந்த ஏத்தத்துல அவனை எவன் புடிப்பான்?" என்று அவள் சொன்னதை இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். கோயில் தலைவர் மூக்கன், பள்ளிக்கூடத்துக்கு எதிரே ரோட்டு வளைவில் தோரணம் கட்டப்போகிறார். முதலாவதாக வரும் உனக்குப் போட ரோஜா மாலைக்கு நுவரெலியாவில் சொல்லியாகிவிட்டது. அன்று ஞாயிற்றுக்கிழமை, கோயில் திருவிழாவின் கடைசி நாளும்கூட. அதனால் ஆளுக்குக் குறைவில்லை.

நீ என்ன நிறச் சட்டையில் வருவாய் என்று கேட்கச் சொன்னார்கள். உடனே எழுது.

அக்கா,
தனலெட்சுமி


கொழும்பு.
8.3.1963

அன்பின் அக்காவுக்கு வணக்கம். சுகம். சுணங்கிப் பதில் எழுதுவதற்கு மன்னியுங்கள். இங்கே வெயில் அதிகம். நுளம்பும் அதிகம். இரண்டு வகை நுளம்பு இருக்கிறது. ஒன்று சத்தம் போட்டுக் கடிக்கும், மற்றது கடித்துவிட்டுச் சத்தம் போடும். அறையில் என்னோடு இருக்கும் பியசேன வேப்பிலைப் புகை போடுகிறான். அதில் நுளம்பு போவதில்லை, நாங்கள்தான் வெளியே போகிறோம். கடைச்சாப்பாட்டில் சாம்பார் மிகவும் தண்ணீர். கடலில் நேற்றுப் பெரிய அலை.

தோரணம், மாலையெல்லாம் வேண்டாம் என்று மூக்கன் தலைவரிடம் சொல்லுங்கள். திருவிழாச் செலவோடு இது எதற்கு? அன்று மழை பெய்தாலும் பெய்யும்.

சட்டை பச்சை, நடுவில் வெள்ளைப் பட்டி. எங்கள் கம்பெனி ஆட்கள் ஐந்து பேருக்கும் அதே சட்டைதான்.

சண்முகராஜா


பென்மூர்.
14.3.1963

தம்பி, சுகம். நீயும் சுகமென்று நுளம்புகள் மூலம் அறிந்தேன்.

ஆறாம் வகுப்பில் கணக்கில் தோற்றபோது, விடுதிச் சாம்பாரைப் பற்றி எனக்கு இரண்டு பக்கம் எழுதினாய். இப்போது சாம்பாரோடு கடலும் சேர்ந்திருக்கிறது. என்ன நடந்தது?

அக்கா


கொழும்பு.
22.3.1963

அன்பின் அக்காவுக்கு வணக்கம். உடம்பு சுகம். மனது இல்லை.

எனக்கு மலை ஏற வராது.

எழுதிவிட்டேன். நான் நூற்று எண்பத்திரண்டு இறாத்தல் எடை. அந்தத் தொடையில்தான் என் கடைசி இருநூறு யார் பாய்ச்சல் இருக்கிறது. அதே தொடையை மலைமேல் தூக்கிக்கொண்டும் போக வேண்டும். பியசேன எங்கள் கம்பெனியின் மலைக்காரன், நூற்றுப் பதினெட்டு இறாத்தல். அவன் ஏறும்போது வெற்றிலை போட்டுக்கொண்டு நடப்பவனைப் போலப் போகிறான். போன ஞாயிறு பந்தயப் பாதை முழுவதையும் ஓட்டிப் பார்த்தோம். கினிகத்தேனை ஏற்றத்தில் ஒரு மரக்கறி லொறி என்னை முந்தியது. டிரைவர் தலையை நீட்டி, "மல்லி, பின்னால் ஏறிக்கொள்" என்று தம்பி முறை சொல்லிச் சிங்களத்தில் அன்பாகக் கூப்பிட்டான். அக்கா, ஏறியிருப்பேன், முதலாளியின் ஜீப் பின்னால் வராமல் இருந்திருந்தால்.

மலையில் பிறந்தவன் என்கிறார்கள். சின்ன வயதில் தலவாக்கலைக்குச் சைக்கிளில் இறக்கத்தில்தான் போவேன். திரும்பும்போது ஒவ்வொரு நாளும் கொழுந்து லொறியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தேன். இதை உங்களிடம் இவ்வளவு காலமும் மறைத்தேன்.

பியசேன ஆறு மணி நேரம் ஐம்பது நிமிடத்தில் நுவரெலியா சேர்ந்தான். நான் ஐம்பத்தைந்து நிமிடம் பிந்திச் சேர்ந்தேன். பந்தயச் சட்டப்படி, முதல் ஆள் எடுத்த நேரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பிந்தினால் வெளியே போட்டுவிடுவார்கள், மறுநாள் ஓட்ட முடியாது. முதலாளி சொல்லிவிட்டார்: "மூன்றாம் நாள் காலிமுகத்திடலில் முதலாவதாக வருவதற்குத்தான் உன்னை வைத்திருக்கிறேன். மலையிலேயே கழித்துவிட்டார்கள் என்றால் அப்படியே உன் தோட்டத்துக்குப் போ, கடைப்பக்கம் வராதே."

வெளிநாட்டுப் பந்தயத்துக்கு என் பெயரை எழுதவே மாட்டார்கள். பாஸ்போட்டுக்கு எந்த நாட்டுக்காரன் என்று கேட்பார்கள், இலங்கையும் இந்தியாவும் நம்மைத் தன் ஆள் என்று ஏற்கவில்லை, அதற்கு நம்மிடம் பதில் இல்லை. எனக்கு இருப்பது இந்தப் பந்தயம் ஒன்றுதான்.

தயவுசெய்து மாலையை நிறுத்துங்கள். யாரிடமும் சொல்லாதீர்கள்.

சண்முகராஜா


பென்மூர்.
31.3.1963

அன்புத் தம்பிக்கு, இங்கு எல்லோரும் சுகம். கடிதம் கிடைத்தது. அம்மாக்கண்ணு இல்லாத நேரத்தில்தான் திறந்தேன்.

கொழுந்து லொறி விஷயம் எனக்கு அப்போதே தெரியும். பள்ளிக்கூட ஜன்னல் ரோட்டைப் பார்த்துத்தானே இருக்கிறது. நீ விழாமல் வளைவைக் கடக்கும் வரை கரும்பலகைப் பக்கம் திரும்பமாட்டேன். அதனால் பிள்ளைகளுக்குத் தினமும் ஐந்து நிமிடம் பாடம் குறைந்தது.

மாலையை நிறுத்த முடியாது, முன்பணம் கொடுத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்காகச் சில விவரம் மட்டும் கேட்கிறேன். முதல் ஆள் நம் வளைவை எத்தனை மணிக்குக் கடப்பான்? பத்தில் ஒரு பங்கு என்பது முதல் ஆளின் நேரத்தை வைத்துத்தானே? ரயில்வே கேற் பூட்டியிருந்தால், அல்லது மாடு குறுக்கே வந்தால், அந்த நேரத்தைக் கழிப்பார்களா?

இந்த வருடம் போஞ்சி நன்றாகக் காய்த்திருக்கிறது.

அக்கா,
தனலெட்சுமி


கொழும்பு.
9.4.1963

அன்பின் அக்காவுக்கு வணக்கம். சுகம். வருடப்பிறப்புக்கு வர முடியாது, பயிற்சி இருக்கிறது.

பியசேன நம் வளைவைப் பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கடப்பான். காலை ஆறு மணிக்குப் புறப்படுகிறோம். நேரம் முதல் ஆளை வைத்துத்தான். கடிகாரம் எதற்கும் நிற்காது. கேற் பூட்டினாலும், மாடு படுத்தாலும், அது அவனவன் விதி என்று சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு?

இரண்டு வாரம் சோற்றைக் குறைத்துப் பார்த்தேன். நான்கு இறாத்தல் குறைந்தது. கோபம் எட்டு இறாத்தல் கூடியது. இனி ஆகிறது ஆகட்டும். கொஞ்சம் திருநீறு அனுப்புங்கள்.

சண்முகராஜா


பென்மூர்.
21.4.1963

அன்புத் தம்பிக்கு ஆசீர்வாதம். அனைவரும் நலம். திருநீறு இதற்குள் மடித்து வைத்திருக்கிறேன், பிரிக்கும்போது தும்மாதே.

ஐந்தாம் வகுப்புக்கு ஒரு கணக்குக் கொடுத்தேன். முன்னால் போகிறவன் வழியில் எவ்வளவு நேரம் நின்றால் பின்னால் வருகிறவன் தப்புவான் என்பது மாதிரி ஒன்று. எல்லோரும் பதினான்கு நிமிடம் என்றார்கள். அழகம்மா மட்டும் பதின்மூன்று போதும் என்றாள். முதல் ஆளின் நேரம் கூடினால் பத்தில் ஒரு பங்கும் கூடும் அல்லவா, அதைக் கவனித்திருக்கிறாள். உனக்குப் புரியாது, விடு.

கோயில் கூட்டத்தில் பெரிய சண்டை. கடிதம் எழுதத் தெரிந்தவள் என்று என்னையும் கூப்பிடுவார்கள், தெரியுமே. தேர் எத்தனை மணிக்கு என்று பேச்சு வந்தது.

"அப்பன் பாட்டன் காலத்துலேருந்து சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான்" என்றார் மூக்கன் தலைவர்.

"ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரை ராகுகாலம்ங்க தலைவரே" என்றேன்.

பஞ்சாங்கத்தைக் கொண்டுவரச் சொன்னார்கள். கையோடு கொண்டுபோயிருந்தேன்.

"அப்ப இத்தன வருசமா ராகுகாலத்துலயா தேரு இழுத்திருக்கோம்?" என்றார் மூக்கன், முகம் வெளுத்து.

"அதான் நம்ம சம்பளம் ஏறவேயில்ல!" என்றார் வீரய்யா.

அத்தோடு சண்டை முடிந்தது. இந்த வருடம் தேர் நண்பகலில். கோயிலிலிருந்து இறங்கி, பெரிய ரோட்டில் வளைவு வரை வந்து, திரும்ப ஏறும். பொலிஸுக்கு அனுமதிக் கடிதம் நான்தான் எழுதினேன், நேரத்தைத் தெளிவாகப் போட்டிருக்கிறேன். பந்தயக்காரர்கள் அங்கே விசாரித்தால் சொல்வார்கள். விசாரிக்கவில்லை போலிருக்கிறது.

சோற்றைக் குறைக்காதே. நீ மிதித்துக்கொண்டே வா, அது போதும்.

அக்கா,
தனலெட்சுமி


கொழும்பு.
3.5.1963

அன்பின் அக்காவுக்கு வணக்கம். சுகம், சுகம், சுகம்!

தந்தி கிடைத்திருக்கும். காலிமுகத்திடலில் அரைச் சக்கர வித்தியாசத்தில் நான்தான் முதல். முதலாளி கட்டிப்பிடித்ததில் விலா வலிக்கிறது. அடுத்த மூன்று வருடத்துக்குக் கையெழுத்து வாங்கிவிட்டார்.

ஆனால் முதல் நாளைப் பற்றித்தான் எழுத வேண்டும். பியசேன சொன்னதை அப்படியே எழுதுகிறேன். தனியாக முன்னால் வந்தானாம். தப்புமேளச் சத்தம் கேட்டது. வளைவில் திரும்பினால் ரோட்டின் அகலத்துக்கு ஒரு தேர். தெய்வத்தை முந்தலாமா? இறங்கிக் கும்பிட்டான். உடனே கழுத்தில் ரோஜா மாலை விழுந்தது. பச்சைச் சட்டையைப் பார்த்துவிட்டு, "ராசா, இப்புடி எளச்சிப் போயிட்டியே!" என்று ஓர் அம்மா அழுதார்களாம். அது அம்மாக்கண்ணுதானே? பிறகு சந்தனம், பானகம், இரண்டு கையிலும் சுண்டல். பின்னால் வந்தவர்களுக்கும் அதே உபசாரம். பந்தய அதிகாரி ஜீப்பிலிருந்து கத்திக்கொண்டு இறங்கினார். திரும்ப ஏறும்போது அவர் நெற்றியிலும் குங்குமம் இருந்தது.

தேர் நாலடி நகரும். உடனே சக்கரத்துக்குக் கட்டை போடுவார்கள். இன்னும் நாலடி, இன்னொரு கட்டை. இப்படியே இருபது நிமிடம். கட்டை போடுகிறவர் பக்கத்தில் மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் அம்மா குடையோடு நின்று, ஒவ்வொரு தடவையும் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்தார்களாம். "அவங்கதான் உங்க கோயில் பூசாரியா?" என்று கேட்கிறான்.

எனக்கு லிந்துலையில் டயர் வெடித்து ஏழு நிமிடம் போயிற்று. நான் வளைவுக்கு வந்தபோது தேர் ஏறிப் போய்விட்டது. ரோட்டில் பூவும் தேங்காய்ச் சிதறலும்தான் கிடந்தன. ரோட்டோரத்துக் கூட்டத்தில் உங்களைத் தேடினேன், காணவில்லை. பியசேன நுவரெலியா சேர்ந்தது ஏழு மணி நேரம் பத்து நிமிடத்தில். நான் நாற்பத்திரண்டு நிமிடம் பிந்தினேன். நாற்பத்து மூன்றுவரை விடுவார்கள்.

தேர் நிற்காமல் இருந்திருந்தால், அந்தப் பாதையில் யாரும் ஓட்டாத நேரத்தில் தான் ஓட்டியிருப்பேன் என்று பியசேன சொல்கிறான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் இரண்டு தடவை சொன்னான்.

அக்கா, நேராகக் கேட்கிறேன். அந்தத் தேர்?

சண்முகராஜா


பென்மூர்.
12.5.1963

அன்புத் தம்பிக்கு, நான் சுகம். விலாவுக்கு நல்லெண்ணெய் தடவு.

ராகுகாலம் என்று முந்திய கடிதத்திலேயே எழுதியிருந்தேன். கட்டை போட்டவர் சிவசாமி. அந்த வளைவு சரிவு என்பதால் அடிக்கடி போட்டதாகச் சொல்கிறார். நான் பக்கத்தில் நின்றது வெயிலுக்கு. தேர் நிழல் அங்கேதான் விழுந்தது.

நீ கடைசியாக வந்ததைப் பார்த்துத் தோட்டம் தலைகுனியும் என்றுதானே பயந்தாய்? மாலை போட்ட ஆள் நீ இல்லை என்று தெரிந்து எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டது உண்மை. வரிசையாக எல்லோரும் போய் முடிந்து, கடைசியில் நீ வந்தாய். வீரய்யா உன்னைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், சத்தமாகச் சொன்னார்: "இதுல என்ன அதிசயம்? மலையில கொழுந்து எடுக்கிறவங்க முன்னால போவாங்க. வேல வாங்குற கங்காணி எப்பவும் பின்னாலதான் வருவான். அத்தன பேரையும் முன்னால ஓட்டிக்கிட்டு நம்ம பய பின்னால வர்றான்!" அதன்பிறகு தப்புச் சத்தம் உனக்குக் கேட்டிருக்குமே. இப்போது இங்கே உனக்குப் பெயர் சைக்கிள் கங்காணி. காலிமுகத்திடல் தந்தியை வாசித்துக் காட்டினேன். "அது கிடக்கட்டும், அன்னைக்கு எத்தன பேர ஓட்டிக்கிட்டு வந்தான்?" என்றுதான் கேட்கிறார்கள்.

நீ தேடியபோது நான் பள்ளிக்கூட ஜன்னலில் நின்றேன். வாயைத் திறந்துகொண்டு, கண்ணில் வியர்வை விழ, லொறி எதையும் பிடிக்காமல் அந்த வளைவை நீ ஏறிப் போனதை முதன்முறையாகப் பார்த்தேன். ரோட்டுக்கு வந்திருந்தால் பின்னாலிருந்து தள்ளிவிட்டிருப்பேன். அது சட்டத்துக்கு விரோதம் என்று நினைக்கிறேன்.

வகுப்பில் பார்த்து எழுதுகிற பிள்ளையை நான் கதவுக்கு வெளியே நிற்கவைப்பேன், உனக்குத் தெரியும். இந்த வாரம் அப்படி ஒருவனைப் பிடித்தேன். ஏனோ நிற்கவைக்கவில்லை.

இத்துடன் ஒரு பார்சல் வருகிறது. இரண்டு இறாத்தல் நல்ல தேயிலை, நான் பின்னிய கம்பளி மேலங்கி ஒன்று. இரண்டும் பியசேனவுக்கு. மெலிந்த பிள்ளை, குளிர் தாங்காது. அந்த இருபது நிமிடமும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கும்பிட்டுக்கொண்டே நின்றான். எதற்கு அனுப்பினார்கள் என்று கேட்டால், பூசாரியம்மாவின் பிரசாதம் என்று சொல்.

ஆசீர்வாதத்துடன்,
அக்கா தனலெட்சுமி

பி.கு.: அடுத்த வருடப் பந்தயத்துக்குத் தேதி வைத்துவிட்டார்களா? ஞாயிற்றுக்கிழமையாகவே இருந்தால் நல்லது. மற்ற நாட்களின் ராகுகாலம் எனக்கு வசதிப்படவில்லை.